வெயிலில் தெரியும் வலை

"கறுப்பு வண்டியா?" என்று கேட்டுவிட்டுக் கடைக்காரர் உச்சுக் கொட்டினார். வீட்டில் யாருக்கோ உடம்புக்கு முடியவில்லை என்று சொன்னால் கொட்டுகிற அதே உச்சு. சுகந்தி தலையாட்டினாள். பைபாஸ் ரோட்டில், சீட் கவரும் ஹாரனும் சாமி பொம்மையும் வாசல்வரை தொங்குகிற அந்தக் கடைக்குள் அவள் ஒருத்திதான் பெண். கடைக்காரர் ஹக்கீம் பாய் கண்ணாடி மேசையின் மேல் இரண்டு பாலிஷ் மெஷின்களை அடுத்தடுத்துப் படுக்கவைத்தார். "இது ரோட்டரிக்கா. நின்ன இடத்துல சுத்தும். கீறலை வேகமா எடுத்துரும், ஆனா கை பழகியிருக்கணும். கொஞ்சம் அசந்தோம்னா சூடேறிப் பெயிண்டைப் பொசுக்கிப்புடும். கறுப்புல போகும்போது புகை மாதிரி ஒரு தடம் வேற விட்டுட்டுப் போகும். இந்தா இது டூயல் ஆக்‌ஷன். சுத்திக்கிட்டே ஆடும். நேரம் பிடிக்கும், ஆனா மோசம் பண்ணாது. ஓட்டப்போறது யாரு, வீட்ல சாரா?" "நான்தான்," என்றாள். அவர் இரண்டாவது மெஷினை அவள் பக்கம் நகர்த்தினார். மோசம் பண்ணாது. அந்தச் சொல்லில் அவள் மனசு போய் மாட்டிக்கொண்டது. இதற்கு மேல் மோசமாகாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று கண்ணாஸ்பத்திரியில் அப்பாவைப் பார்த்த டாக்டர் சொன்னார். மோசமாகாமல் என்றால் இப்போது இருப்பது மோசமா, மோசத்துக்கு முந்தியதா என்று கேட்க நினைத்து, அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் கேட்காமல் விட்டாள். அப்பா அன்று சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு, டிரைவர் வேலைக்குக் கிளம்பியவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் பெயர் சோலைமலை. வேலை பார்த்த காலம் பூராவும் ஒரு வங்கி மேனேஜர்களின் வெள்ளைக் கார்களை ஓட்டியவர். மேனேஜர்கள் மாறினார்கள், கார் மாறியது, வெள்ளை மட்டும் மாறவில்லை. ஓய்வு பெற்றதும் பழைய கார் ஒன்றைச் சொந்தமாக வாங்கினார், கறுப்பாகத்தான் வேண்டும் என்று தேடி. கறுப்பு வேண்டாம்ணே, கறுப்பு எதையும் மறைக்காது என்று மெக்கானிக் சொன்னபோது, மறைக்காம இருந்தாத்தானய்யா என்னன்னு தெரியும் என்றார். பழங்காநத்தத்தில் வீட்டு வாசலில் அது வந்து நின்ற அன்றைக்கு அம்மா உயிரோடு இருந்தாள். காரின் கதவில் முகம் பார்த்துப் பொட்டைச் சரிசெய்துகொண்டாள். அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பு எப்படி இருந்தது என்று இப்போது யோசித்தால் அவர் வாய் மட்டும்தான் ஞாபகத்தில் வருகிறது, கண் வரவில்லை. ஏன் கண் வரவில்லை.

"இங்கிட்டு வாங்க, காட்டுறேன்," என்று ஹக்கீம் பாய் கடையின் பின்பக்கம் கூப்பிட்டார். சுவரோரம் ஒரு பழைய காரின் கறுப்பு பானட் சாய்த்து வைத்திருந்தது, செய்து காட்டுவதற்கென்று. சும்மா பார்க்கும்போது பளபளவென்று குறையே இல்லாமல் இருந்தது. அவர் கையிலிருந்த டார்ச்சை அதன்மேல் அடித்தார். வெளிச்சம் விழுந்த இடத்தைச் சுற்றி, மெல்லிய கோடுகள் வட்டம் வட்டமாக, ஒரு பெரிய சிலந்தி அப்போதுதான் பின்னி முடித்த மாதிரி. சுகந்தி அறியாமல் ஒரு அடி பின்னால் போய்விட்டாள். "வலைன்னு சொல்வோம்க்கா. ஆனா வட்டமே கிடையாது. துணி போட்டுத் துடைச்சுத் துடைச்சு எல்லாத் திசையிலயும் விழுந்த சின்னச் சின்னக் கீறல்தான். வெளிச்சம் எங்க விழுதோ அதைச் சுத்தி வட்டமாக் காட்டும். இந்தா பாருங்க." டார்ச்சை நகர்த்தினார். வலையும் நகர்ந்தது. அவள் தலையைச் சாய்த்தாள். அவளோடு சேர்ந்து அதுவும் சாய்ந்தது. கூடவே வருது, என்று அவள் சொன்னாள். "ஆமா, கூடவே வரும்," என்றார் அவர். அப்பாவும் அதைத்தான் சொன்னார். ஐப்பசி மழை விட்டு வெயில் அடித்த ஒரு காலையில், காரைத் துடைத்துக்கொண்டிருந்தவர் அவளைக் கூப்பிட்டு, சுகந்தி, இது பூராம் நூலாம்படை மாதிரி இருக்கேம்மா, எங்கிட்டுப் பாத்தாலும் கூடவே வருது, உனக்குத் தெரியுதா என்றார். வேலைக்குக் கிளம்பும் அவசரம். துணிக்கடை பில்லிங்கில் பத்து மணிக்குள் உட்காரவேண்டும். தோளில் பையோடு குனிந்து பார்த்தாள். தெரிந்தது. உண்மையிலேயே தெரிந்தது, சூரியனைச் சுற்றி வட்டமாக. ஆமாப்பா, எனக்கும் தெரியுது, கூடவேதான் வருது, கார்லதான் இருக்கு என்றாள். அப்படித்தான் சொன்னாளா, இல்லை, கார்லதான்ப்பா என்று மட்டும் சொன்னாளா. தெரிந்ததைத்தானே சொன்னாள். அப்பா அதைக் கேட்டு நிம்மதியாகிவிட்டார். முகம் தெளிந்து, அப்ப சரி, தேச்சு எடுத்துருவோம் என்றார். அதற்குப் பிறகு தினமும் தேய்த்தார். காய்ந்த துணியில், பனியனில், அம்மாவின் பழைய நூல் சேலையில், தூசியோடு சேர்த்து அழுத்தி அழுத்தி. தேய்க்கத் தேய்க்க வலை கூடியது. போகமாட்டேங்குதும்மா என்றார். வேறு மெழுகு வாங்கிவந்து கொடுத்தாள். அதையும் தேய்த்தார். இன்றைக்கு அந்தக் காரில் இருக்கிற வலை அத்தனையும் அவர் கையால் போட்டது. ஆனால் அந்த முதல் நாள் காரில் இருந்தது கொஞ்சம்தான், எல்லாக் காரிலும் இருக்கிற அளவுதான். அவர் பார்த்த வலை அது இல்லை. அவர் பார்த்தது அவர் கண்ணுக்குள் இருந்தது. அதைத்தான் அவர் கேட்டார், இதைத்தான் அவள் பார்த்துச் சொன்னாள். காரில் வலையா, கண்ணில் வலையா, எது முதலில் வந்தது. அவள் குனிந்து பார்த்தபோது வலை தெரியாமல் இருந்திருந்தால், எனக்கு ஒண்ணும் தெரியலையே, உங்க கண்ணைத்தான் காட்டணும் என்று சொல்லியிருப்பாள், அன்றைக்கே கூட்டிப்போயிருப்பாள். வானம் மூடியிருந்திருந்தால்கூடப் போதும், ஒன்றும் தெரிந்திருக்காது. வெயில் வந்தது. எது முதலில். இந்த இடத்துக்கு வந்தால் நினைப்பு சட்டை ஆணியில் மாட்டின மாதிரி நின்றுவிடுகிறது, இழுத்தால் கிழிகிறது.

ஹக்கீம் பாய் மெஷினில் மாட்டுகிற பேடுகளை எடுத்து மேசையில் பரப்பினார். ஒன்று வெள்ளைக் கம்பளி, ஆட்டுக்குட்டி முதுகு மாதிரி. மற்றவை கனமான வட்ட ஸ்பாஞ்சு, நிறத்துக்கு ஒரு குணம். அவள் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தாள். கெட்டியானது விரலைத் திருப்பித் தள்ளியது, மிருதுவானது விரலை உள்ளே வாங்கிக்கொண்டது. கம்பளியைத் தொட்டதும் கண்ணாஸ்பத்திரியில் அப்பாவின் கண்ணில் வைத்துக் கட்டிய பஞ்சு நினைவுக்கு வந்து கையை எடுத்துக்கொண்டாள். கோளாறு அப்பாவின் கண்ணில்தான் என்பது கார்த்திகையிலேயே தெரிந்திருக்கவேண்டியது. கார்த்திகைக்கு வீடு சுத்தம் செய்யும்போது அப்பா ஒட்டடைக் கம்பை எடுத்து அடுப்படிச் சுவரைத் தட்டிக்கொண்டிருந்தார். அவள் போய்ப் பார்த்தபோது சுவரில் ஒன்றும் இல்லை. அப்பாவே அடித்துச் சுத்தம் செய்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டாள். போதும்ப்பா, எல்லாம் போயிருச்சு என்றாள். இன்னும் கொஞ்சம் இருக்கும்மா என்று அவர் தட்டிக்கொண்டே இருந்தார், சுண்ணாம்பு உதிர்ந்து தோளெல்லாம் வெள்ளை. அந்தத் தோளைத் தட்டிவிட்டாளே, அப்போது அவர் முகத்தைப் பார்த்தாளா. பார்த்திருப்பாள், எதற்குப் பார்த்தாளோ. தையில் ஒருநாள் காலையில் எழுந்தவர், இடது பக்கம் திரை போட்ட மாதிரி இருக்கு என்றார். சர்க்கரை நோயினால் கண்ணுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது, அதுதான் இவருக்கு நூலாம்படை மாதிரித் தெரிந்திருக்கும், இத்தனை நாள் சொல்லவே இல்லையா என்று டாக்டர் கேட்டார். அவர் கோபமாகக் கேட்கவில்லை. சாதாரணமாக, எழுதிக்கொண்டேதான் கேட்டார். அப்பா முந்திக்கொண்டு, நான்தான் டாக்டர் சொல்லல என்றார். சொன்னார். என்னிடம் சொன்னார், என்று அவள் அந்த அறையில் வாயைத் திறந்து சொல்லியிருக்கவேண்டும். இடது கண்ணில் இனிச் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்றார்கள். வலது கண்ணில் ஆபரேஷன் செய்திருக்கிறார்கள். கட்டுப் பிரித்து, கறுப்புக் கண்ணாடி கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். எவ்வளவு வருமோ வரும், மறுபடி வாருங்கள், பார்த்துச் சொல்கிறோம் என்று நாளைக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். எப்படிப்பா இருக்கு என்று கேட்டால் தெரியுதும்மா என்கிறார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்கமுடியாது. எவ்வளவு தெரிகிறது, என் முகம் தெரிகிறதா, மூக்குத்தி தெரிகிறதா. அவள் கேட்பதில்லை. அவர் கேட்பதெல்லாம் ஒன்றுதான். காரை வெயிலில் நிறுத்தும்மா, ஒருக்கப் பாப்போம். கவர் போட்டிருக்குப்பா, தூசியா இருக்கு, கழுவிட்டுக் காட்டுறேன் என்று அவளும் ஒவ்வொரு நாளாகத் தள்ளிக்கொண்டு வருகிறாள். கவரைத் தூக்கினால் அந்த வலை இருக்கும். அதைப் பார்த்தால் கண் இன்னும் சரியாகவில்லை என்று நினைத்துவிடுவார். அதனால்தான் இந்தக் கடை, இந்த மெஷின்.

"கம்பளி உங்களுக்கு வேணாம்," என்று ஹக்கீம் பாய் அதைத் தள்ளி வைத்தார். "கெட்டியானதும் வேணாம். கறுப்புப் பெயிண்ட் சில வண்டியில ரொம்ப மிருதுவா இருக்கும், கெட்டிப் பேடே புதுசாக் கீறிவிட்ரும். நடுத்தரமானது ஒண்ணை வச்சு ஒரு ஓரத்துல ஓட்டிப் பாருங்க. அதுலயே போயிருச்சுன்னா போதும், அதோட நின்னுக்கங்க. கடைசியா இந்த மிருதுவானதை வச்சு ஒரு சுத்து." "போகலைன்னா?" "போகலைன்னா இன்னொருக்க. ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கங்க அக்கா. கீறலை யாரும் துடைச்சு எடுக்க முடியாது. அது பள்ளம். பள்ளத்தைச் சுத்தி இருக்கிறதைத் தேச்சு அது மட்டத்துக்குக் கொண்டு வர்றோம், அம்புட்டுத்தான். மேல இருக்கிற பூச்சு காகிதத்தை விட மெலிசு. எடுத்தா எடுத்ததுதான், திரும்ப வராது." அவள் ஒரு பேடைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே நின்றாள். எடுத்தால் எடுத்ததுதான். வாங்காமல் போய்விடலாமா என்று அப்போதுதான் தோன்றியது, இவ்வளவு தூரம் வந்த பிறகு. காலையிலிருந்து மனசுக்குள் எங்கேயோ இருந்த நினைப்புதான், இப்போதுதான் முகத்தைக் காட்டியது. வலை காரில் இருக்கட்டும். அப்பா வருவார், வெயிலில் குனிந்து பார்ப்பார், வலை இருக்கேம்மா என்பார். கார்லதான்ப்பா இருக்கு, எனக்கும் தெரியுது என்று சொல்லலாம். பொய் இல்லை, இருப்பதைத்தானே சொல்கிறோம். ஆனால் காரைத் துடைத்துக் கண்ணாடியாக்கி வைத்து, அவர் வந்து பார்த்து, அப்போதும் வலை இருக்கேம்மா என்றால். அப்போது அது காரில் இல்லை. காரில் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்துவிடும், அவருக்கும் தெரிந்துவிடும், இரண்டு பேரும் அந்த வாசலில் நின்றுகொண்டு எங்கே பார்ப்பது. காரின் மேல் பழியைப் போடுவதற்காவது அந்த வலை இருக்கட்டும். அப்படி நினைத்த உடனேயே கையிலிருந்த பேடை மேசையில் வைத்துவிட்டாள். ஒருமுறை அப்படிச் சொன்னதற்குத்தான் ஒரு கண் போயிற்று. மறுபடியும் அதையே சொல்ல இடம் பார்த்து வைத்துக்கொள்கிறாளா. மெஷினின் கைப்பிடியில் அவள் விரல் ரேகை பதிந்திருந்தது. முந்தானையால் துடைத்தாள். துடைக்கத் துடைக்க மங்கலாகப் பரவியது. கடைக்கு வெளியே ஒரு பஸ் ஹாரனை அழுத்திக்கொண்டே போனது. அப்பா அப்படி ஹாரன் அடிக்கமாட்டார். மேனேஜர் அவசரப்படுத்தினாலும், முன்னால் போறவனுக்கும் அவசரம் இருக்கும் சார் என்பார். காரில் முன்னால் இருக்கிற சின்னக் கண்ணாடியில் பின்னால் வருவதையும் பார்ப்பார், பக்கத்தில் வருவதையும் பார்ப்பார், அவள் பின் சீட்டில் தூங்குவதையும் பார்ப்பார். தூங்குறியாம்மா என்று ஒருநாளும் கேட்டதில்லை, வேகத்தை மட்டும் குறைப்பார், அவளுக்குத் தூக்கத்திலேயே அது தெரியும். ஹக்கீம் பாய் அவசரப்படுத்தாமல் எதிரில் நின்றார். "யாருக்கும் காட்டணுமாக்கா வண்டியை? விக்கப்போறீங்களா?" "அப்பா பாக்கணும்னு சொல்றாங்க. கண்ணு ஆபரேஷன் பண்ணியிருக்கு." அவர் மேசையில் கிடந்த பேடுகளை ஒருமுறை பார்த்தார். பிறகு மிருதுவான பேடு இன்னொன்றை எடுத்து வைத்தார். "சூடாயிருச்சுன்னா மாத்திக்கலாம். அமுக்காதீங்க. மெஷினோட வெயிட்டே போதும்." "சரி," என்றாள் சுகந்தி. "பாத்துருவோம்."

ஆட்டோவில் வரும்போது மெஷின் மடியில் ஒரு குழந்தை மாதிரி கனத்தது. வீட்டில் அப்பா சாப்பிட்டுப் படுத்திருந்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே மல்லாந்து படுத்திருந்ததால் தூங்குகிறாரா விழித்திருக்கிறாரா என்று தெரியவில்லை. அவள் சத்தம் போடாமல் வயரை இழுத்து வாசலுக்குக் கொண்டுபோனாள். கவரை உருவினாள். காரைக் கழுவி, நிழலில் ஈரத்தை ஒற்றியெடுத்து, பானட்டின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு பேப்பர் டேப்பை ஒட்டினாள். ஒரு பாதியை முடித்துவிட்டு மறுபாதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள் என்று ஹக்கீம் பாய் சொல்லி அனுப்பியிருந்தார். வலதுபக்கம் தொடங்கினாள். ஸ்விட்சைத் தட்டியதும் மெஷின் கையை உதறிக்கொண்டு ஓடப் பார்த்தது, பேடில் தடவியிருந்த பாலிஷ் மருந்து தெறித்துச் சேலையில் விழுந்தது. பிறகு பிடிபட்டது. அமுக்காமல், அவசரப்படாமல், குறுக்கே ஒரு முறை, நெடுக்கே ஒரு முறை. முழங்கைவரை ஏறிய அதிர்வில் பல்கூடக் கூசியது. நிறுத்தித் துணியால் துடைத்துப் பார்த்தாள். வெயில் சாய்ந்து வீட்டுக்கு எதிர்ப்பக்கமிருந்து நேராகக் காரின் மேல் விழத் தொடங்கியிருந்தது. வலதுபக்கம் சூரியன் தனியாக இருந்தது. அதைச் சுற்றி ஒன்றுமே இல்லை, கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிற மாதிரி கறுப்பு, அதற்குள் ஒரு சூரியன், அவ்வளவுதான். அவள் தலையைச் சாய்த்தாள். எதுவும் கூட வரவில்லை. இடதுபக்கம், டேப்புக்கு அந்தப் பக்கம், வலை அப்படியே இருந்தது, அப்பாவின் அத்தனை மாதத்துத் தேய்ப்பும் தகதகவென்று. இதையும் முடித்துவிட்டுக் கூப்பிடலாம், இருட்டுவதற்குள் முடிந்துவிடும் என்று நினைத்தாள். வலதுபக்கத்தில் விளிம்பு ஒன்று மிச்சம் இருந்தது. அதற்காக மறுபடி மெஷினைத் தட்டி ஓட்டிக்கொண்டிருந்தபோது வாசல் நிலையில் கை வைத்தபடி அப்பா நின்றுகொண்டிருப்பதைப் பார்த்தாள். எப்போது எழுந்தார் என்று தெரியவில்லை. சட்டை போட்டு, மேல் பொத்தானையும் போட்டிருந்தார். மெஷினை நிறுத்தினாள். "பாத்து வாங்கப்பா, வயர் கிடக்கு." "நீ உன் வேலையைப் பாரு," என்றபடி அவர் சுவரைத் தடவி, படியைக் காலால் அளந்து இறங்கி, வந்து நின்றது காரின் இடதுபக்கம். அவள் ஓடிப்போய் இந்தப் பக்கம் வாங்க என்று கையைப் பிடித்திருக்கலாம். கால் நகரவில்லை. அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார். டாக்டர் வெயிலில் கழற்றக்கூடாது என்று சொல்லியிருந்தார். குனிந்தார். முன்னெல்லாம் குனிகிற அதே மாதிரி, ஒரு கை இடுப்பில், தலையை இந்தப் பக்கம் சாய்த்து, அந்தப் பக்கம் சாய்த்து. அவர் முகத்துக்கு நேர் கீழே சூரியனும் அதைச் சுற்றி அந்த வலையும் இருந்தன. அவள் நின்ற இடத்திலிருந்தே எண்ணிவிடலாம் போல ஒவ்வொரு இழையும் தெரிந்தது. சொல்லிவிடுங்கப்பா. இருக்குன்னு சொல்லிவிடுங்க. வலை இருக்கேம்மா என்று ஒரு வார்த்தை அவர் வாயில் வராதா என்று அவள் உடம்பு பூராவும் காதாகி நின்றது. இந்த மாதமெல்லாம் எந்த வார்த்தைக்குப் பயந்தாளோ அந்த வார்த்தை.

அப்பா நிமிர்ந்தார். உள்ளங்கையை அந்த வலையின் மேல் வைத்து மெதுவாக ஒரு தடவு தடவினார். "பூராத்தையும் எடுத்துட்டியேம்மா," என்றார். "கண்ணாடி மாதிரி இருக்கு. என் மூஞ்சி தெரியுது."

"தெரியுதாப்பா?"

"தெரியாம என்ன, நல்லாவே தெரியுது." அவர் முகம் நிறையச் சிரித்தார். பிறகு மெஷின் சத்தம் கேட்ட பக்கம், அவள் துடைத்து முடித்திருந்த பக்கம், கையை நீட்டினார். "அந்தப் பக்கந்தான் இன்னும் கொஞ்சம் வலை இருக்கு போல. இருட்டுறதுக்குள்ள அதையும் எடுத்துரு."

சுகந்தி காரைப் பார்த்தாள், அவர் கையைப் பார்த்தாள். "ஆமாப்பா, இன்னும் கொஞ்சம் இருக்கு," என்று சொன்னாள். குரல் சரியாகத்தான் வந்தது. மெஷினைத் தூக்கி, ஒன்றுமே இல்லாத அந்தக் கறுப்பின் மேல் வைத்து, ஸ்விட்சைத் தட்டினாள். அப்பா தலையை லேசாகச் சாய்த்து, சத்தம் எங்கிருந்து எங்கே போகிறது என்று கேட்டுக்கொண்டு நின்றார். அவருக்குக் கேட்கட்டும் என்று அவள் குறுக்கே ஒரு முறையும் நெடுக்கே ஒரு முறையும் ஓட்டினாள்.